கைப்பிடி வட்டி

நெட்டாங்கல்விளை,
மயிலாடி வழி.
12-7-1953

அன்புள்ள சித்திக்கு,

பூங்கனி எழுதுவது. உங்களுக்குக் கடிதம் போட்டு இரண்டு வருஷம் ஆகிறது. காரியம் என்று ஒன்று வந்தபிறகு எழுதுகிறாளே என்று நினைப்பீர்கள். எனக்கே வெட்கமாகத்தான் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கால் வீக்கம் தேவலையா? இங்கே அப்பாவின் முழங்கால் தவிர எல்லோரும் சுகம்.

பொருளாதாரத்தில் பி.ஏ. ஆனர்ஸ் தேறியதும், பட்டணத்துப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர விண்ணப்பித்திருந்தேன். கடன், வங்கி, வட்டி பற்றிய படிப்பு. முடித்தால் டாக்டர் பட்டம். சேர்த்துக்கொண்டால் மாதாமாதம் உதவித்தொகை உண்டு, அப்பா கருப்பட்டிக் கடையிலிருந்து எடுத்துத் தர வேண்டாம். போன வாரம் பதில் வந்தது. 'வருந்துகிறோம்' என்று ஒரே வரி.

மறுபடியும் விண்ணப்பிக்க ஜனவரி முப்பத்தொன்றுதான் கடைசி நாள். இன்னும் ஒரே ஒரு தடவை பார்க்கலாம் என்று அப்பா சொல்லிவிட்டார். அதுவும் இல்லையென்றால் ரப்பர் தோட்டத்துச் சூப்பர்வைசர் ஒருவர் இருக்கிறார். வீட்டுக்கு வந்து போனார். நான் தலை நிமிரவில்லை, அவருடைய சைக்கிளை மட்டும் பார்த்தேன். நல்ல சைக்கிள்.

ஒன்று எனக்குப் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோயில் கலைந்ததும் பெண்கள் அம்மாவைச் சுற்றி நின்று ஆறுதல் சொன்னார்கள். "சவத்த விடுங்கக்கா, அவனுக்கு வயசும் கூடுதலாம்லா," என்றாள் ஞானம் அக்கா. யாருக்கு வயசு? நான் கேட்கவில்லை. எனக்குக் கேட்க வராது என்பது உங்களுக்குத் தெரியும்.

என் விண்ணப்பத்தில் என்ன குறை என்று யாரிடமாவது விசாரித்துச் சொல்ல முடியுமா? முடியாவிட்டாலும் உங்கள் சுகத்துக்கு இரண்டு வரி எழுதுங்கள்.

தோத்திரத்துடன்,
பூங்கனி

*

சென்னை,
9-8-1953

மக்கா பூங்கனி,

சித்தி சுகம். கால் வீக்கம் நர்ஸ்மாருக்கு உள்ளதுதான், அதை விடு. உன் கடிதம் கிடைத்த வாரமே, உடுப்பைக்கூட மாற்றாமல் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். வாசலில் காவல்கார அண்ணன், யாருக்கு உடம்புக்கு என்ன என்று பதறிப்போய் உள்ளே விட்டுவிட்டார்.

ஆபீசில் குமாரதாஸ் என்று ஒரு குமாஸ்தா. தக்கலைக்காரர். என் ஊர்ப் பேச்சைக் கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். கோப்பைக் காட்டுவது தப்பு என்று சொல்லி, காட்டாமல், அதில் இருந்ததை முழுக்க வாசித்துச் சொன்னார். வாசிக்குமுன் ஒரு கேள்வி கேட்டார்: "சிஸ்டர், இது படிப்புக்குள்ள அப்ளிக்கேஷனா, கல்யாண ஆலோசனையா?"

உன் விண்ணப்பத்தோடு நற்சாட்சிக் கடிதம் வேண்டுமென்று உங்கள் சபைப் போதகரிடம் வாங்கி அனுப்பியிருக்கிறீர்களே, அவர் உறையை ஒட்டித்தான் கொடுத்திருப்பார், அதில் என்ன எழுதியிருக்கிறார் தெரியுமா? உட்கார்ந்துகொண்டு வாசி.

"மேற்படி பூங்கனி நம் சபையில் ஞானஸ்நானமும் திடப்படுத்தலும் பெற்றவள். வயது இருபத்திரண்டு. மாநிறம். எதிர்த்துப் பேசி அறியாதவள். பாயசம் நன்றாக வைப்பாள். வேறிடத்தில் பேச்சு இல்லை. தங்களுக்குச் சம்மதமானால் அடுத்த மூன்று ஞாயிறும் சபையில் கல்யாண ஓலை வாசிக்க நமக்குத் தடையில்லை."

விண்ணப்பங்களைப் பார்க்கும் பேராசிரியருக்கு வயது ஐம்பத்தெட்டு. பேரப்பிள்ளைகள் நாலு. ஓரத்தில் பென்சிலால், 'என் மனைவி சம்மதிக்கமாட்டாள்' என்று எழுதியிருக்கிறாராம்.

ஏட்டி, சிரித்தது போதும், அழுதாலும் போதும். தள்ளியதற்குக் காரணம் அது இல்லை. இங்கிலாந்து வங்கியைப் பற்றி விண்ணப்பத்தோடு நீ எழுதியனுப்பினாயே எட்டுப் பக்கம், அதன் கீழே அவர் எழுதியது இது: 'இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. இந்தப் பெண் எங்கே இருக்கிறாள்?'

உனக்குப் பாடம் சொன்ன வாத்தியார் ஒருவர் கடிதம் தர வேண்டும், எழுதுவது உன்னுடையதாக இருக்க வேண்டும் என்கிறார் குமாரதாஸ். நல்ல மனுஷர். சட்டையில் மேல் பொத்தான் இல்லை. பார்த்துக்கொள்ள ஆள் இல்லை போலிருக்கிறது.

அக்காவுக்கும் அத்தானுக்கும் என் அன்பு.

சித்தி நேசபாய்

*

நெட்டாங்கல்விளை,
23-8-1953

அன்புள்ள சித்திக்கு,

நலம். நலத்தை வேண்டுகிறேன்.

கடிதத்தை அப்பா சத்தமாக வாசித்தார். பாயசம் என்ற இடத்தில் நான் அடுக்களைக்குள் போய்விட்டேன். பட்டணத்து மாப்பிள்ளை ஒருவர் என்னை வேண்டாமென்று எழுதிவிட்டார் என்றுதான் இத்தனை நாளாகச் சபை முழுக்கப் பேச்சாம். அம்மா யாருக்கு என்ன சொல்வாள்!

அப்பா வேட்டியை மாற்றிக்கொண்டு நேரே போதகர் ஏசுஅடிமை வீட்டுக்குப் போனார். என்னையும் கூட்டிப் போனார். நான் முற்றத்து முருங்கைக்குப் பின்னால் நின்றேன்.

"அய்யா, படிப்புக்கு லெட்டர் கேட்டா கல்யாணத்துக்கு எழுதிட்டியளே!"

"ராஜையன், நீரு எங்கிட்ட என்ன கேட்டீரு? 'பிள்ளையைப் பத்தி பட்டணத்துக்கு ஒரு லெட்டர் வேணும்'னீரு. முப்பது வருசமா இந்தச் சபையில இருந்து ஒரு பொண்ணைப் பத்தி வெளியூருக்கு லெட்டர் போச்சுன்னா அது எதுக்குப் போகும்? நீரே சொல்லும்."

அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"சரி, நான் எழுதினதில ஒரு பொய் உண்டுமா?"

அப்பா யோசித்தார். "பாயசம்," என்றார்.

வாத்தியார் கடிதத்துக்குத்தான் வழி தெரியவில்லை. நாராயணபெருமாள் சாரிடம் மூன்று வருஷம் திருவனந்தபுரத்தில் படித்தேன். வகுப்பில் ஒருதரம்கூட வாய் திறந்ததில்லை. வருகைக்குப் 'பிரசென்ட்' சொல்வதைக்கூடப் பக்கத்திலிருந்தவள் எனக்கும் சேர்த்துச் சொல்லிவிடுவாள். என் குரலே தெரியாதவரிடம் என்னைப் பற்றி என்ன எழுதச் சொல்வேன்? ஐந்து கடிதம் எழுதி, ஐந்தையும் அடுப்பில் போட்டேன்.

எழுத வேண்டியது என்னுடையதாக இருக்கட்டும் என்கிறார்கள். இந்த ஊரில் வங்கி இல்லை, பணமும் இல்லை. எதைப் பற்றி எழுதுவேன், சித்தி?

பூங்கனி

*

சென்னை,
27-9-1953

மக்கா பூங்கனி,

பதில் தாமதம். ஊருக்கு எழுதவில்லையா என்று தபால்கார அண்ணனே கேட்டுவிட்டார். பிரசவ வார்டில் இந்த மாதம் இரட்டைப் பிள்ளைகளாகவே வருகின்றன.

உன் கேள்வியைக் குமாரதாஸிடம் சொன்னேன். பார்க்கப் போகவில்லை, அவரே ஆஸ்பத்திரிக்கு வந்தார். பல் வலியாம். பல் பிரிவு தெருவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, பிரசவ வார்டு வாசலில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஆயாக்கள் எல்லாரும் எட்டிப் பார்த்துவிட்டு, குழந்தை எப்போது என்று விசாரித்தார்கள்.

அவர் சொன்னது: "வங்கி இல்லாத ஊருல ஆபத்துக்கு எங்க போறாவ? ஆரு கொடுக்கா, எப்படித் திருப்பி வாங்குகா? அதைப் பாத்து எழுதச் சொல்லுங்க. அந்தப் பிள்ளைக்கு வாய்தான் இல்லை, கண்ணு உண்டும்லா?"

உனக்குக் கண் உண்டு என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். நான்தான் சொன்னேனாம். அவ்வளவு பேசினேனா என்று எனக்கு ஞாபகம் இல்லை.

பல் ஒன்று எடுத்தாயிற்று. இப்போது சுகம்.

சித்தி

*

நெட்டாங்கல்விளை,
25-10-1953

அன்புள்ள சித்திக்கு,

பல் சுகமானது அறிந்து எல்லோரும் சந்தோஷப்பட்டோம். யாருடைய பல் என்று அம்மா இரண்டுமுறை கேட்டாள்.

கிடைத்துவிட்டது! இத்தனை நாளும் எங்கள் வீட்டு அடுக்களையிலேயே இருந்திருக்கிறது.

பிடியரிசி உங்களுக்குத் தெரியும். உலையில் போடுமுன் ஒவ்வொரு வீட்டிலும் கோயிலுக்கென்று ஒரு பிடி எடுத்து வைப்பார்களே, அது. இங்கே பெண்கள் சங்கம் அதை விற்றுவிடுவதில்லை. ஐப்பசி அடைமழையில் வேலை இல்லாத வீடுகளுக்குக் கடன் கொடுக்கிறது. மாசி அறுவடையில் திருப்பி வாங்குகிறது. முப்பத்தாறு பிடி வாங்கினால் முப்பத்தாறு பிடி. வட்டி கிடையாது, வட்டி பாவம்.

போன செவ்வாய்க்கிழமை மழையில் நான் குதிர்ப் பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கடன் கொடுக்கும்போது அளப்பவள் ஞானம் அக்கா. அவளுக்குக் குழந்தைக் கை. திருப்பி வாங்கும்போது மாசியில் அளப்பது அம்மா. அம்மாவின் கை உங்களுக்குத் தெரியாததா? சின்ன வயதில் அந்தக் கையால் அடி வாங்கியிருப்பீர்கள்.

"ஏம்மா, எப்பவும் கொடுக்கது அந்த அக்கா கை, வாங்குகது ஒங்க கையா?"

"ஆமா. அதுக்கென்ன?"

"ரெண்டு கையும் ஒண்ணா?"

அம்மா என்னைப் பார்த்தாள். "ஏட்டி, வட்டி வாங்கினாத்தான் பாவம். கை கர்த்தர் கொடுத்தது. அதுக்கு நான் என்ன செய்ய?"

இருவர் பிடியையும் நாழியில் அளந்து பார்த்தேன். ஞானம் அக்காவுக்குப் பன்னிரண்டு பிடி ஒரு நாழி. அம்மாவுக்கு ஒன்பதே பிடி. ஆகவே முப்பத்தாறு பிடி கடன் என்பது மூன்று நாழி, முப்பத்தாறு பிடி அடைப்பு என்பது நாலு நாழி. நாலு மாதத்தில் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. வருஷத்துக்கு நூற்றுக்கு நூறு! கோட்டாற்று வட்டிக்கடைக்காரர் கேட்டால் எழுந்து நின்று கும்பிடுவார்.

இதையும் கேளுங்கள். போன மாசியில் செல்லபாய் அடைக்க வந்தபோது (புருஷன் பனையிலிருந்து விழுந்து கிடக்கிறவள்) அம்மா இரண்டு விரலை உள்ளே மடக்கிக்கொண்டு அளந்ததைப் பார்த்தேன். கை வலி என்று அப்போது நினைத்தேன். அடுத்து வந்த வீட்டுக்கு விரல்கள் நேராகிவிட்டன. ஆளைப் பார்த்து வட்டி ஏறுகிறது, இறங்குகிறது. யாருக்கும் தெரியாமலில்லை, யாரும் வாயால் சொல்வதில்லை. நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இது இல்லை.

பட்டணத்துக்கு எழுதப் போகிறேன் என்று அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

உங்கள் பூங்கனி

*

கோட்டாறு,
22-11-1953

நேசபாய்க்கு அத்தான் ராஜையன் கடையிலிருந்து எழுதியது.

சுகம். சுகத்துக்கு எழுதவும். இத்துடன் ரயில் பார்சலில் பதினைந்து கருப்பட்டியும், அதன் அடியில் ஒன்பது சர்டிபிகேட்டும் அனுப்பியிருக்கிறேன். பூங்கனிக்குத் தெரிய வேண்டாம். ஒற்றைக் கடிதத்தை நம்பியதால்தான் போன தடவை தவறியது. காகிதம் கனமாக இருந்தால் தள்ள யோசிப்பார்கள்.

தாணுலிங்கம் அரிசி மண்டி, பஸ் ஏஜெண்டு, ஓய்வுபெற்ற உபதேசியார், நம் கடை வாடிக்கைக்காரர்கள் எல்லாரும் மனமுவந்து எழுதியிருக்கிறார்கள். 'இவள் தகப்பன் எடையில் ஒருநாளும் குறைத்ததில்லை' என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். அவளைப் பற்றி எழுதச் சொன்னேன். அவளைத் தெரியாது என்கிறார்கள்.

சூப்பர்வைசர் வீட்டாருக்கு ஈஸ்டர் கழிந்து பதில் சொல்வதாகச் சொல்லியாயிற்று. அதற்குமேல் தவணை கேட்க முடியாது. நான் ஐந்தாம் வகுப்பு. அவள் என்ன படிக்கப் போகிறாள் என்று கேட்டால் கடன் என்கிறாள். கடனைப் படிக்கவா வேண்டும்? ஆனாலும் கிடைக்கட்டும். அவள் போனால் வீட்டில் சத்தம் குறையும் என்று சொல்ல முடியாது, வீட்டில் இருக்கும்போதே பேசுகிறவள் இல்லை. ஆனாலும்.

வேறு விசேஷம் இல்லை.

ராஜையன்

*

சென்னை,
18-12-1953

மக்கா பூங்கனி,

கிறிஸ்துமஸ் வாழ்த்து. எனக்கு அன்றைக்கு டியூட்டி, குவார்ட்டர்ஸில் தனியாக இருப்பவளுக்குத்தானே போடுவார்கள். பரவாயில்லை, இந்த வருஷம் பொழுது போகிறது.

உன் அப்பா உனக்குத் தெரிய வேண்டாம் என்று சொன்ன ஒரு கட்டு வந்தது. அது என் பெட்டியின் அடியிலேயே இருக்கும், நீ பயப்பட வேண்டாம். கருப்பட்டி மட்டும் குமாரதாஸுக்குப் போனது. அவர் கடைக் காப்பி குடிக்கமாட்டார், வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. சுக்குக் காப்பிதான். தம்பி தங்கைகளைக் கரையேற்றிவிட்டு நாற்பது வயதில் லாட்ஜில் தனியாகக் கிடக்கிறார். சாப்பாடு நேரத்துக்கு இல்லை.

அம்மாவின் கை விஷயத்தை வாசித்துவிட்டு அவர் சொன்னது: "சிஸ்டர், அந்தப் பிள்ளைக்க இடம் உறுதியாச்சு. ஆனா சார் லெட்டர் இல்லாம கோப்பு மேல போகாது." அதனால் நீயே நேரில் போய் நாராயணபெருமாள் சாரைப் பார். எழுதினால்தானே அடுப்பில் போடுவாய்? திருவனந்தபுரம் பஸ்ஸில் ஏறிவிட்டால் இறங்கித்தானே ஆகவேண்டும்?

சித்தி

*

நெட்டாங்கல்விளை,
24-1-1954

அன்புள்ள சித்திக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம். நான் பஸ்ஸில் ஏறினேன், இறங்கினேன்.

சார் வீட்டு வாசலில் அப்பா என்னை முன்னால் தள்ளிவிட்டு, தான் பின்னால் நின்றுகொண்டார்.

"என் வகுப்பில மூணு வருசமா? எங்க இருந்தே?"

"மூணாம் வரிசை சார். தூணுக்குப் பின்னால."

"அந்தத் தூணைத் தெரியும்," என்றார் சார்.

என்ன செய்தேனென்றால், அப்பா கையிலிருந்த பையிலிருந்து அரிசியை எடுத்து, சாருடைய மேசைமேல் ஞானம் அக்காவின் பிடி அளவுக்கு ஒரு குவியல் வைத்தேன். பக்கத்தில் அம்மாவின் பிடி அளவுக்கு இன்னொன்று. "சார், இது கடன். இது அடைப்பு," என்றேன். பிறகு விரல் மடக்கிய குவியலும் வைத்தேன். அதன்பின் நாற்பது நிமிஷம் நான் பேசியதாக அப்பா சொல்கிறார். எனக்குத் தெரியாது.

சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எம்மா, நான் இருபது வருசமா வட்டின்னா என்னன்னு பாடம் நடத்துகேன். இப்படி ஒருத்தரும் எனக்குச் சொல்லித் தரல்லியே!" என்று நாஞ்சில் பேச்சிலேயே சொன்னார். அங்கேயே உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதினார். வாசித்துக் காட்டினார். அதில் பாயசம் இல்லை.

ஊரில்தான் சின்னக் கலகம். பஸ்ஸில் அப்பா பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தது போதகர் காதுவரை போய்விட்டது. சங்கக் கூட்டத்துக்கே வந்துவிட்டார். "வட்டியா? என் சபையிலயா?" என்று மேசையில் தட்டினார். பெண்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அரிசிக் கடனை நிறுத்திவிட்டால் அடுத்த ஐப்பசியில் செல்லபாய் எங்கே போவாள்? என் விண்ணப்பத்துக்காக ஒரு ஊரின் அடுப்பை அணைத்துவிட்டேனே என்று இருந்தது.

அம்மா எழுந்தாள். "அய்யா, கொஞ்சம் மேல பாருங்க," என்றாள்.

போதகர் அண்ணாந்து பார்த்தார். போன வருஷம் கோயிலுக்குப் போட்ட புது ஓடு.

"அது எதில போட்டது? ஆம்பிளையளுக்க காணிக்கையிலயா?"

அவர் ஓடுகளை ஒரு வரிசை எண்ணினார். பிறகு ஜெபம் செய்து கூட்டத்தை முடித்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா, "எனக்க கையை எழுதினியே, விரல் மடக்கினதையும் எழுதினியா?" என்று கேட்டாள். எழுதினேன் என்றேன். "சரி," என்றாள். அவ்வளவுதான்.

நேற்று விண்ணப்பத்தைத் தபாலில் சேர்த்தாயிற்று. 'வட்டி வாங்காத ஊரின் வட்டி' என்று தலைப்பு.

உங்கள் போன கடிதத்தில் உறைமேல் விலாசம் உங்கள் கையெழுத்து இல்லை. நல்ல ஆபீஸ் எழுத்து. உங்களுக்குக் கையில் ஏதும் காயமா?

பூங்கனி

*

சென்னை,
25-4-1954

மக்கா பூங்கனி,

மூன்று மாதமாகப் பதில் போடவில்லை. கையில் காயம் ஒன்றும் இல்லை. வேலை அதிகம்.

உனக்கு இடம் கிடைத்துவிட்டது! மூன்று வருஷம், உதவித்தொகையோடு. முறைப்படி கடிதம் இந்த வாரம் வரும். பட்டியலைக் குமாரதாஸ் பார்த்துவிட்டு ஆபீசிலிருந்து நேரே ஓடிவந்தார். கடற்கரையில் வைத்துத்தான் சொன்னார், அங்கே காற்றில் பாதி கேட்கவில்லை. உன் பேப்பரின் ஓரத்தில் பேராசிரியர் எழுதியிருப்பது, 'இந்தப் பெண் எங்கே இருக்கிறாள் என்று தெரிந்துவிட்டது'.

ஈஸ்டர் கழிந்துவிட்டது என்று எனக்கும் தெரியும். அத்தானிடம் உடனே சொல், சூப்பர்வைசர் வீட்டில் பேசிவிடட்டும்.

இங்கே வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

சித்தி

*

நெட்டாங்கல்விளை,
9-5-1954

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் கடிதமும் பல்கலைக்கழகக் கடிதமும் ஒரே நாளில் வந்தன. அப்பா இரண்டையும் கடைக்கு எடுத்துப் போய்விட்டார். கருப்பட்டி வாங்க வந்தவர்கள் எல்லாரும் ஒருமுறை வாசித்துவிட்டுத்தான் வாங்கிப் போனார்களாம். சூப்பர்வைசர் வீட்டில் சொல்லியாயிற்று. அவர் தங்கமானவர், டாக்டராகி வந்தால் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு நல்லது என்றாராம். அப்பா திருத்தவில்லை.

ஜூலை ஒன்றாம் தேதி சேர வேண்டும். அதில்தான் ஒரு தடை, யாரிடம் சொல்வதென்று நாலு நாளாகத் தெரியவில்லை. பெண்கள் விடுதிப் படிவத்தில் 'உள்ளூர்ப் பாதுகாவலர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. உங்கள் பெயரை எழுதிவிட்டு அடியில் உள்ள குறிப்பைப் படித்தேன். பாதுகாவலர் குடும்பமாக வீடு எடுத்து வசிப்பவராக இருக்க வேண்டும், குவார்ட்டர்ஸிலோ லாட்ஜிலோ தங்குபவர் கூடாது என்று இருக்கிறது. பட்டணத்தில் நமக்கு வேறு ஒருவரையும் தெரியாது. அந்தக் கட்டம் நிரம்பாமல் விடுதி இல்லை, விடுதி இல்லாமல் அனுப்ப முடியாது என்று அப்பா சொல்லிவிட்டார். கிடைத்த இடம் இப்படிப் போய்விடுமோ என்று அம்மாவிடம் அழுதேன்.

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "ஏட்டி, உனக்க சித்தி காவல்காரனை அண்ணன்னு எழுதுகா. தபால்காரனை அண்ணன்னு எழுதுகா. அந்தத் தக்கலைக்காரரைப் பத்தி இத்தன மாசமா எழுதுகாளே, ஒருதரமாவது அண்ணன்னு எழுதினாளா? கடிதத்தை எல்லாம் எடுத்துப் பாரு," என்றாள்.

எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தேன், சித்தி. இல்லை. அப்பாவும் பார்த்தார். கடிதங்களைத் திரும்ப அடுக்கிக் கட்டிவிட்டு, "நல்ல ஆளுன்னா நல்லதுதான். அவளுக்கும் ஆருமில்லை," என்றார்.

நான் யாரிடமும் எதுவும் கேட்டுப் பழகாதவள். நாராயணபெருமாள் சாரிடம் கேட்டபோதுகூட அரிசியை வைத்துத்தான் கேட்டேன். இதற்கு வைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், அதிகம் நிற்காதீர்கள், சுக்குக் காப்பி நீங்களும் குடியுங்கள். படிவத்தில் அந்தக் கட்டத்தை அழித்துக் காலியாக வைத்திருக்கிறேன், ஜூன் முப்பதுக்குள் அனுப்ப வேண்டும். நீங்கள் குவார்ட்டர்ஸில் இருக்கிறீர்கள், அவர் லாட்ஜில் இருக்கிறார். என் படிப்புக்காகத்தான் கேட்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்: அதற்குள் நீங்கள் இரண்டுபேரும் கல்யாணம் செய்துகொள்ள முடியுமா, சித்தி?

உங்கள் மகள்,
பூங்கனி